ரத்தக்குழாய்ச் செல்லுக்குள் சர்க்கரை போகும் வழியும் அழற்சி கிளம்பும் இடமும்

நீண்ட நாள் சர்க்கரை நோயால் கெடும் உறுப்புகளை எழுதிப் பார்த்தால் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு, இதயம், மூளை, பாதம் என்று பட்டியல் நீளும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும் இவை எல்லாவற்றிலும் பொதுவாக அடிவாங்குவது ரத்தக்குழாய்தான். நரம்பு கெடுவதில்கூட அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களுக்குப் பங்குண்டு. இத்தனைக்கும் தசையும் கொழுப்பும் அதே ரத்தத்தில்தான் நனைகின்றன. குழாயின் உட்சுவர் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகப் புண்படுகிறது?

"ரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழாய் வீங்கும்" என்ற ஒற்றை வரியில் பெரும்பாலான விளக்கங்கள் இதை முடித்துவிடுகின்றன. உண்மையில் இதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன. செல் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்பது ஒன்று. உடைக்கும் பாதையில் தேங்கும் சர்க்கரை எந்தெந்தக் கிளைகளில் வழிகிறது என்பது மற்றொன்று. முதலாவதை முடுக்குவது பெரும்பாலும் அழற்சிதான். இரண்டாவதை உண்டாக்குவது ரத்தச் சர்க்கரை. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தத் துறையில் ஒன்றையொன்று மறுக்கும் முடிவுகள் வருவதுபோலத் தோன்றுகிறது.

வாசலை மூடாத செல்

இதயத்தின் உட்புறம் தொடங்கிக் கடைசி நுண்குழாய் வரை ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்படலம் எண்டோதீலியம். நுண்குழாய்களில் இதன் பருமன் பல இடங்களில் அரை மைக்ரானுக்கும் குறைவு. குழாய் சுருங்குவதா விரிவதா, ரத்தம் உறைவதா கூடாதா, எந்த வெள்ளணு எங்கே இறங்கலாம் என்பனவற்றைத் தீர்மானிப்பதில் இந்தப் படலத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டில் உட்படலத்தைத் தேய்த்து எடுத்ததும் அது அசிட்டைல்கோலினுக்குத் தளர மறுத்ததைக் காட்டினார். படலத்திலிருந்து கிளம்பி குழாயைத் தளரவைக்கும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெரியவந்தது. 1998இல் நோபல் பரிசும் வந்தது.

தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் குளுக்கோஸை உள்ளே விடப் பயன்படுத்தும் முக்கியக் கடத்தி குளூட்4. இன்சுலின் வந்து சொன்னால்தான் அது சவ்வுக்கு வரும். எண்டோதீலியச் செல்லில் இருப்பது பெரும்பாலும் குளூட்1. அதற்கு இன்சுலின் தேவையில்லை, எப்போதும் சவ்விலேயே இருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அதே குழாய்ச் சுவரில் இருக்கும் மென்தசைச் செல்கள், வெளியே சர்க்கரை நெடுநேரம் கூடியிருந்தால் தங்கள் கடத்திகளைக் குறைத்துக்கொள்கின்றன. எண்டோதீலியச் செல் அப்படிக் குறைத்துக்கொள்வதில்லை. வெளியே ஏறினால் உள்ளேயும் ஏறும். பாதிப்பு ஏன் இந்த அடுக்கில் முதலில் தெரிகிறது என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி கொஞ்சம் எதிர்பாராதது. உள்ளே வந்த குளுக்கோஸில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதைப் பாதைக்குள் தள்ளும் முதல் நொதி ஹெக்ஸோகைனேஸ். குளுக்கோஸ் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்கும் மிகக் கீழே இருக்கும்போதே பாதி வேகத்தை எட்டிவிடும் நொதி இது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 5 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம். ஆக, சாதாரண நிலையிலேயே இந்த நொதி ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுகிறது. ரத்தச் சர்க்கரை இரட்டிப்பானதால் சர்க்கரை உடையும் வேகமும் இரட்டிப்பாகாது. மிஞ்சியது உள்ளே குளுக்கோஸாகவே தேங்கி, வேறு வழி தேடும்.

ஆக்சிஜன் இருந்தும் மைட்டோகாண்ட்ரியாவை ஒதுக்குவது

ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் முதலில் தொடுவது எண்டோதீலியத்தைத்தான். எனவே அது மைட்டோகாண்ட்ரியாவை நம்பி வாழும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. பெல்ஜியத்தின் லூவன் நகரில் பீட்டர் கார்மலியெட்டின் ஆய்வகத்தில் கட்ரீன் டி போக்கும் சகாக்களும் 2013இல் அளந்து காட்டியபடி, இந்தச் செல் தன் ஏடிபியில், அதாவது செல்லின் வேலைகளை ஓட்டும் ஆற்றல் மூலக்கூறில், 85 சதவீதம் வரை கிளைக்காலிசிஸ் வழியாகவே, அதாவது ஆக்சிஜன் தேவைப்படாத சர்க்கரைச் சிதைவின் மூலமாகவே எடுக்கிறது. கல்லீரல் செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஏறத்தாழ கால்பங்கு இடத்தைப் பிடித்திருக்கும். எண்டோதீலியச் செல்லில் சில சதவீதம்தான். அந்தச் சிலதும் மின்நிலையமாக உழைப்பதைவிடச் சமிக்ஞை அனுப்புவதில்தான் அதிகம் ஈடுபடுகின்றன.

கணக்குப் பார்த்தால் இது நட்டம்போலத் தெரியும். ஒரு குளுக்கோஸ் கிளைக்காலிசிஸில் நிகரமாக 2 ஏடிபி தரும். மைட்டோகாண்ட்ரியா வரை போய் முழுமையாக எரிந்தால் 30 வரை கிடைக்கும். ஆனாலும் காரணங்கள் இருக்கின்றன. வாசலில் நிற்பவனே ஆக்சிஜனைத் தின்றுவிட்டால் உள்ளே இருக்கும் திசுவுக்கு மிஞ்சாது. ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குள் புதுக் குழாய் முளைத்துப் போக வேண்டியதும் இதே செல்தான். அங்கே மைட்டோகாண்ட்ரியாவை நம்பிப் பயனில்லை. கிளைக்காலிசிஸ் நொதிகள் ஆக்டின் இழைகளுக்குப் பக்கத்திலேயே, செல்லின் மெல்லிய ஓரங்களில் கூடி, நகர்வுக்குத் தேவையான ஏடிபியை அங்கேயே தயாரிக்கின்றன. அந்த ஓரங்களில் மைட்டோகாண்ட்ரியா நுழைய இடமே இல்லை. இந்தக் கடைசிக் காரணத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அழற்சிக்கு வரும்போது இது தேவைப்படும்.

வேகத்தைத் தீர்மானிக்கும் கட்டம் பாதையின் மூன்றாவது நொதி, பாஸ்போஃப்ரக்டோகைனேஸ்-1. அதை மிகப் பலமாக முடுக்கும் பொருள் ஃப்ரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட். அதைத் தயாரிப்பது பிஎஃப்கேஎஃப்பி3 என்ற நொதி. இந்தக் குடும்பத்து நொதிகள் அந்தப் பொருளை உண்டாக்கவும் செய்யும், உடைக்கவும் செய்யும். பிஎஃப்கேஎஃப்பி3இல் மட்டும் உண்டாக்கும் திறன் உடைக்கும் திறனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். எனவே இந்த நொதி கூடினால் கிளைக்காலிசிஸ் ஏறும், குறைந்தால் இறங்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நொதிப் பெயரை நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

அழற்சிச் செய்தி வந்தால்

அமைதியாக இருக்கும் எண்டோதீலியம் வெள்ளணுக்களை ஒட்டவிடாது. ஹிஸ்டமினோ த்ராம்பினோ வந்து தொட்டால் சில நிமிடங்களில், செல்லுக்குள் முன்கூட்டியே சேமித்து வைத்த பைகளிலிருந்து பி-செலக்டின் என்ற, வெள்ளணுவைப் பற்றும் புரதம் மேற்பரப்புக்கு வரும். இந்தப் பைகளை 1964இல் எவால்ட் வைபலும் ஜார்ஜ் பலாடேவும் கண்டதால் வைபல்-பலாடே உடல்கள் என்று பெயர். இதற்குப் புதிதாகப் புரதம் செய்யத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விடும்.

டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அழற்சிச் செய்தி சுமக்கும் புரதங்கள், வந்தால் கதை நீளும். உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் ஐகப்பாபி என்ற புரதத்தால் கட்டிவைக்கப்பட்டிருக்கும் என்எஃப்-கப்பாபி, கட்டு அவிழ்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இ-செலக்டின் உச்சத்தைத் தொடும். அது வெள்ளணுவை உருளவைத்து வேகத்தைக் குறைக்கும். ஐகேம்-1, விகேம்-1 ஆகியவை மெதுவாக ஏறி ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். உருளும் வெள்ளணுவைப் பிடித்து நிறுத்துவது இவை. பிறகு செல்களுக்கு இடையிலான தையல் தளர்ந்து வெள்ளணு திசுவுக்குள் நுழைகிறது. அந்தத் தையலில் முக்கியமான புரதம் விஇ-கேட்ஹெரின்.

இத்தனையும் செய்ய ஏடிபி வேண்டும். புதுப் புரதம் கட்ட, அதை மேற்பரப்புக்கு அனுப்ப, வெள்ளணுவைச் சுற்றி ஆக்டினைத் திரட்ட, விஇ-கேட்ஹெரினைச் சவ்விலிருந்து உள்ளே இழுக்க, எல்லாவற்றுக்கும் செல்லின் ஓரத்திலேயே, உடனடியாக வேண்டும். எனவே டிஎன்எஃப் வந்த செல்லில் பிஎஃப்கேஎஃப்பி3 கூடுவதும் கிளைக்காலிசிஸின் முடிவில் உண்டாகும் லாக்டேட்டின் வெளியேற்றம் ஏறுவதும் வியப்பில்லை. இதுவரை சர்க்கரை வெறும் எரிபொருள்தான்.

திருப்பம் எங்கே என்றால், கிளைக்காலிசிஸைக் கட்டுப்படுத்தியதும் அழற்சி மரபணுக்களின் இயக்கமே குறைகிறது. பிஎஃப்கேஎஃப்பி3ஐக் குறைத்த செல்லில் டிஎன்எஃப் அதே அளவு இருந்தும் என்எஃப்-கப்பாபியின் வேலை மந்தமாகிறது, ஐகேம்-1 குறைகிறது, விஇ-கேட்ஹெரின் சவ்விலேயே தங்குகிறது. அப்படியானால் சர்க்கரை உடையும் வேகமே ஒரு செய்தியாகவும் வேலை செய்கிறது.

அந்தச் செய்தி எப்படிப் போகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் தெரிந்திருக்கின்றன. லாக்டேட் அவற்றில் ஒன்று. எம்சிடி1 என்ற கடத்தி வழியாக எண்டோதீலியச் செல்லுக்குள் நுழையும் லாக்டேட், ஆக்சிஜன் வினைப்பொருட்களை, அதாவது எதனோடும் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவங்களை, கூட்டி, ஐகப்பாபியைச் சிதைத்து, என்எஃப்-கப்பாபியை அவிழ்த்துவிடுகிறது, இன்டர்லூக்கின்-8 சுரக்கிறது. லாக்டேட், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் நேரடியாக ஒட்டி மரபணுக்களைத் திறந்துவிடக்கூடும் என்பது 2019இல் தெரியவந்த இன்னொரு வழி. ஆனால் அது முதலில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் வெள்ளணுக்களில் விரிவாகக் காட்டப்பட்டது. அங்கே கண்டதை அப்படியே எண்டோதீலியத்துக்கு ஏற்றிச் சொல்வதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூன்றாவது, எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா. ஆக்சிஜன் குறைந்தால் நிலைப்படும் இந்தப் புரதத்தை என்எஃப்-கப்பாபியாலும் கூட்ட முடியும். கூடிய எச்ஐஎஃப், குளூட்1ஐயும் ஹெக்ஸோகைனேஸ்-2ஐயும் பிஎஃப்கேஎஃப்பி3ஐயும் ஏற்றிவிடுகிறது. சர்க்கரை உடைந்து கிடைக்கும் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் வாசலையும் அடைத்து அதை லாக்டேட் பக்கம் திருப்புகிறது. அழற்சி கிளைக்காலிசிஸை ஏற்ற, கிளைக்காலிசிஸ் அழற்சியை ஏற்ற, சுழல் முழுமையாகிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை முற்றிலும் இயல்பாக இருக்கும் ஒருவரிடமும் இந்தச் சுழல் ஓடும்.

ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதும் கணக்கில் உண்டு

கொழுப்புத் திட்டுகள் குழாயெங்கும் சமமாகப் படிவதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், பெருந்தமனி வளைவின் உட்புறம் என்று சில இடங்களைத் தேர்ந்தெடுத்தாற்போல வரும். அதே ரத்தம், அதே கொழுப்பு, அதே சர்க்கரைதான் நேர்ப்பகுதியிலும் ஓடுகிறது. வேறுபடுவது சுவரின்மேல் ரத்தம் உரசும் விசை. சதுர சென்டிமீட்டருக்கு 15 டைனுக்கு (டைன் என்பது விசையின் அலகு) மேல், ஒரே திசையில் சீராக உரசும் இடங்களில் எண்டோதீலியம் அமைதியாக இருக்கும். 4 டைனுக்குக் கீழே இறங்கி, முன்னும் பின்னும் அலையும் இடங்களில் அழற்சி துளிர்க்கும்.

சீரான ஓட்டம் கேஎல்எஃப்2 என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதத்தை ஏற்றுகிறது. கேஎல்எஃப்2 பிஎஃப்கேஎஃப்பி3இன் உற்பத்தியை நேரடியாகக் குறைக்கிறது. சர்க்கரை உடைவது மட்டுப்படுகிறது, செல் ஓய்வுக்குப் போகிறது. ஓய்வில் இருக்கும் செல் சும்மா இருப்பதில்லை. கொழுப்பமிலங்களை எரித்து, ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்க வேண்டிய என்ஏடிபிஎச் இருப்பைப் பேணுகிறது. அலைபாயும் ஓட்டத்தில் எதிர்மாறாக எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா நிலைத்து, கிளைக்காலிசிஸ் ஏறி, ஒட்டு மூலக்கூறுகள் முளைக்கின்றன. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே இது நடக்கிறது.

இங்கேயே நிறுத்தினால் "கிளைக்காலிசிஸ் கெட்டது" என்று முடிவுகட்டத் தோன்றும். 2018இல் வந்த ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைத் தடுமாறவைக்கிறது. அலைபாயும் ஓட்டத்தில் ஏஎம்பிகே ஆல்ஃபா-1 என்ற நொதியும் எண்டோதீலியத்தின் கிளைக்காலிசிஸை ஏற்றுகிறது. அந்த நொதியை எண்டோதீலியத்தில் மட்டும் நீக்கிய எலிகளில் கிளைக்காலிசிஸ் குறைந்தது. தமனித் திட்டுகளோ கூடின. புண்பட்ட இடத்தில் பக்கத்துச் செல் பெருகிப் பரவி ஓட்டையை மூட வேண்டும், அதற்கும் ஏடிபி தேவை. அந்த ஏடிபியும் கிடைக்காவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். ஆகவே பழுது பார்க்கத் தேவையான அளவு வேறு, அழற்சிச் சுழலை ஓட்டும் அளவு வேறு என்றுதான் எடுத்துக்கொள்ள முடிகிறது. எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது குழாய்க்குக் குழாய் மாறும்.

சர்க்கரை தேங்கும்போது

இனி இரண்டாவது சங்கதி. ரத்தச் சர்க்கரை நெடுநேரம் கூடியிருக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மைக்கேல் ப்ரவுன்லீ ஒரே சங்கிலியாக முன்வைத்தார். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அளவுக்கு மீறி எலக்ட்ரான் நுழைந்து, ஆக்சிஜன் வினைப்பொருளான சூப்பராக்சைடு பெருகுகிறது. அது டிஎன்ஏவில் முறிவுகளை உண்டாக்குகிறது. முறிவைச் சரிசெய்ய வரும் பார்ப் என்ற நொதி, பக்கவிளைவாக ஜிஏபிடிஎச் என்ற கிளைக்காலிசிஸ் நொதியை முடக்கிவிடுகிறது. ஜிஏபிடிஎச் பாதையின் நடுவில் இருப்பது. பாசன வாய்க்காலின் நடு மடையை அடைத்தால் மேல்மடையில் கரை உடைவதுபோல, அதற்கு முந்தைய ஒவ்வொரு கட்டத்திலும் தேங்கிய சர்க்கரைப் பொருள் பக்கவாட்டில் வழிகிறது.

முதல் கட்டத்தில் தேங்கும் குளுக்கோஸை ஆல்டோஸ் ரிடக்டேஸ் சார்பிட்டாலாக மாற்றும். சார்பிட்டால் தன்னளவில் அவ்வளவு மோசமில்லை. அதைச் செய்யச் செலவாகும் என்ஏடிபிஎச்தான் இழப்பு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளுட்டதையோனைப் புதுப்பிக்கவும் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கவும் அதே என்ஏடிபிஎச் வேண்டும். ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டில் தேங்குவது ஹெக்ஸோசமைன் பாதையில் போய், புரதங்களின்மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியின் 1177ஆம் செரின், பாஸ்பேட் ஏறினால் நொதி விழிக்கும் இடம். இந்தத் துணுக்கு வந்தால் அங்கே பாஸ்பேட் ஏறுவது தடைப்பட்டு நொதி மந்தமாகிறது. இன்னும் கீழே, மூன்று கார்பன் சர்க்கரைகளிலிருந்து டைஅசைல்கிளிசரால் உருவாகி புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை எழுப்புகிறது. அது என்எஃப்-கப்பாபியைத் தூண்டும், குழாயைக் கசியவைக்கும்.

நான்காவதுதான் அழற்சிக்கு மிக நெருக்கமானது. அதே மூன்று கார்பன் சர்க்கரைகள் தாமாகவே உடைந்து மெத்தில்கிளையாக்ஸால் ஆகின்றன. குளுக்கோஸைவிடப் பன்மடங்கு வேகமாகப் புரதங்களில் ஒட்டும் பொருள் இது. கிளையாக்ஸலேஸ்-1 என்ற நொதி இதை உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டும். தேக்கம் மிஞ்சினால் அதன் கை ஓயும். ஒட்டி உருமாறிய புரதங்கள் ரேஜ் என்ற ஏற்பியைத் தொட, மீண்டும் என்எஃப்-கப்பாபி. ரேஜின் உற்பத்தியையே என்எஃப்-கப்பாபி கூட்டுவதால் இதுவும் ஒரு சுழல்தான்.

சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. எண்டோதீலியச் செல் மைட்டோகாண்ட்ரியாவை அவ்வளவாகப் பயன்படுத்தாதபோது சூப்பராக்சைடு முழுவதும் அங்கிருந்தே வருகிறது என்பது பொருந்தவில்லை. என்ஏடிபிஎச் ஆக்சிடேஸும் துணைக்காரணி குறைந்து தடம்மாறிய நைட்ரிக் ஆக்சைடு நொதியும் கணிசமான அளவு சூப்பராக்சைடு தருகின்றன. சர்க்கரை நோய் உள்ள விலங்குகளின் சிறுநீரகத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பராக்சைடு குறைந்திருந்ததாகவும் அளவீடுகள் வந்துள்ளன. கிளைகளைப் பற்றிய பகுதி உறுதியாக நிற்கிறது. தொடக்கம் எது என்பதில்தான் வாதம்.

வேகமும் தேக்கமும் ஒரே செல்லில் சேரும்போதுதான் ஆபத்து இரட்டிப்பாகிறது. அழற்சி பாதையின் மேல்பகுதியை முடுக்க, ஜிஏபிடிஎச் நடுவில் முடங்க, இடையில் அகப்பட்ட மூன்று கார்பன் சர்க்கரைகள் மெத்தில்கிளையாக்ஸாலாகக் குவிகின்றன. சர்க்கரை நோயாளிக்குத் தொற்று வந்தால் நிலைமை அவ்வளவு வேகமாக மோசமாவதில் இதற்கும் பங்கிருக்க வேண்டும்.

மேற்பூச்சு

எண்டோதீலியத்தின் ரத்தப் பக்கத்தில் கிளைக்கோகேலிக்ஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளாலான மேற்பூச்சு இருக்கிறது. ஒட்டு மூலக்கூறுகள் சில பத்து நானோமீட்டர் நீளமே உள்ளவை. இந்தப் பூச்சு பல நூறு நானோமீட்டர் தடிப்பு. பூச்சு முழுதாக இருக்கும்வரை ஐகேம் முளைத்திருந்தாலும் வெள்ளணுவுக்கு அது எட்டாது.

பூச்சின் ஹயலூரனன், ஹெபரன் சல்ஃபேட் சங்கிலிகளைக் கட்ட வேண்டிய மூலப்பொருளும் குளுக்கோஸிலிருந்தே பிரிகிறது. எனவே கிளைக்காலிசிஸ் அதிகம் இழுத்தால் பூச்சுக்கு மிஞ்சுவது குறையும். சீரான ஓட்டத்தில் பூச்சு தடிப்பதற்கு, பிஎஃப்கேஎஃப்பி3 அடங்கிச் சர்க்கரை இந்தப் பக்கம் திரும்புவதும் ஒரு காரணம். அப்படியானால் ரத்தச் சர்க்கரை கூடினால் பூச்சு தடிக்க வேண்டுமே என்று கேட்கலாம். தடிப்பதில்லை. நெதர்லாந்தில் 2006இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு ரத்தச் சர்க்கரையை 15 மில்லிமோலில், அதாவது டெசிலிட்டருக்கு 270 மில்லிகிராமில், 6 மணி நேரம் பிடித்து வைத்தார்கள். உடல் முழுவதற்குமான பூச்சின் கொள்ளளவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. கட்டும் வேகத்தைவிட, ஆக்சிஜன் வினைப்பொருட்களும் ஹயலூரனனை வெட்டும் நொதிகளும் உதிர்க்கும் வேகம் அதிகமாகிவிடுகிறது. சர்க்கரை நோயே இல்லாத உடம்பில், ஒரே வேளையில் இவ்வளவு நடக்கிறது என்பது யோசிக்க வைக்கும் செய்தி.

ஆய்வக முடிவுகளைப் படிக்கும்போது

இந்தத் துறையின் பெரும்பகுதி தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் நடப்பது. அவற்றை ஓட்டம் இல்லாத தட்டில், அடிக்கடி பிரித்து வளர்க்கிறார்கள். பெருகிக்கொண்டே இருக்கும் செல் கிளைக்காலிசிஸை இயல்பாகவே ஏற்றிவைத்திருக்கும். 85 சதவீதம் என்ற அளவும் அப்படி வளர்த்த செல்களில் எடுத்ததே. உடம்புக்குள் ஓய்வாக இருக்கும் செல்லுக்கு அதை அப்படியே பொருத்தக்கூடாது.

"அதிகக் குளுக்கோஸ்" என்று கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் 25 அல்லது 30 மில்லிமோல். டெசிலிட்டருக்கு 450 முதல் 540 மில்லிகிராம்! கட்டுப்பாட்டில் இல்லாத நோயாளியிடமும் இது நாள்கணக்கில் நீடிக்கும் அளவு அல்ல. அதோடு இவ்வளவு கரைபொருள் சேர்ந்தால் சவ்வூடு அழுத்தமே செல்லைச் சுருக்கி அழற்சிச் செய்தியைக் கிளப்பும். செல் பயன்படுத்தாத மேனிடாலை அதே செறிவில் சேர்த்து இணைத் தட்டு ஒன்றை ஓட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த முடிவில் எவ்வளவு குளுக்கோஸின் வேலை, எவ்வளவு சவ்வூடு அழுத்தம் ஏறியதன் வேலை என்று சொல்ல முடியாது. ஒரே அளவில் வைப்பதைவிட 5க்கும் 20க்கும் இடையே நாளுக்கு நாள் மாற்றி வைத்த செல்கள் அதிகம் இறந்தன என்ற முடிவுகள், நோயாளியின் நிலைக்கு இன்னும் நெருக்கமானவை.

தடுப்பான்களிலும் கண்ணிகள் உண்டு. 2-டீஆக்ஸிகுளுக்கோஸ் கிளைக்காலிசிஸை நிறுத்தும் என்பது சரி. அது மேனோஸைப் போலவும் இருப்பதால், புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏற்றும் வேலையையும் குலைக்கும். ஐகேம்-1 சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த புரதம். இந்த மருந்தால் ஐகேம் குறைந்தால் கிளைக்காலிசிஸ் குறைந்ததால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிஎஃப்கேஎஃப்பி3 தடுப்பான் என்று பல ஆண்டுகள் பயன்பட்ட 3பிஓ, அந்த நொதியில் ஒட்டுவதே இல்லை என்று 2020இல் தெரியவந்தது. அது கிளைக்காலிசிஸைக் குறைப்பது உண்மை. செல்லுக்குள் அமிலம் சேர்வதால் அப்படி நடக்கலாம். ஆகவே மரபணுவையே நீக்கியோ அடக்கியோ செய்த முடிவுகளுக்குக் கூடுதல் மதிப்பு கொடுப்பது நல்லது. ஊடகத்தில் அமிலம் ஏறுவதை அளந்து அதையே கிளைக்காலிசிஸ் என்று சொல்லும் கருவிகளிலும், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடின் அமிலத்தைக் கழித்தார்களா என்று பார்க்க வேண்டும். லாக்டேட்டை நேரடியாக அளந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மருந்துகள் எட்டிய தூரம்

கிளைகளை ஒவ்வொன்றாக அடைக்கும் முயற்சி பல பத்தாண்டுகளாக நடந்தது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் தடுப்பான்களில் எபல்ரெஸ்டாட் ஜப்பானில் நரம்புப் பாதிப்புக்குப் பயன்பாட்டில் இருக்கிறது; மற்றவை பெரும்பாலும் பலனின்மையாலோ பக்கவிளைவாலோ கைவிடப்பட்டன. புரோட்டீன் கைனேஸ் சி-பீட்டாவைத் தடுக்கும் ருபாக்ஸிஸ்டாரினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. தேக்கத்தைப் பெண்டோஸ் பாஸ்பேட் பாதை என்ற வேறொரு சர்க்கரைப் பாதைக்குத் திருப்பும் பென்ஃபோடயமின் எலிகளின் விழித்திரையைக் காத்தது. மனிதர்களில் அந்த அளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஒரு கிளையை அடைத்தால் தேங்கியது அடுத்த கிளையில் வழியும் என்பதை நினைத்தால் இந்த முடிவு எதிர்பார்க்கக்கூடியதே.

கிளைக்காலிசிஸின் வேகத்தையே குறைப்பதில் அளவுதான் சிக்கல். 2016இல் கார்மலியெட்டின் குழு, புற்றுக்கட்டி எலிகளில் 3பிஓவைக் குறைந்த அளவில் கொடுத்தபோது குழாய்ச் சுவர் இறுகியது, ஒட்டு மூலக்கூறுகள் குறைந்தன, புற்றுச்செல் பரவலும் குறைந்தது. அளவைக் கூட்டியதும் குழாய்களே சிதையத் தொடங்கின. பரவல் பாதுகாப்பு போய்விட்டது. தன் ஏடிபியில் பெரும்பங்கை ஒரே பாதையிலிருந்து எடுக்கும் செல்லில் அந்தப் பாதையை இறுக்கினால் வேறென்ன நடக்கும்.

ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது பற்றிய பெரிய மருத்துவ ஆய்வுகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 1,441 பேரில் ஒரு பாதியினரின் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த அளவு) ஏறத்தாழ 7 சதவீதத்திலும் மறுபாதியினருடையது 9 சதவீதத்திலும் இருந்தது. ஆய்வு முடிந்தபின் இரு சாராரும் ஏறக்குறைய 8க்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் 2005இல் பார்த்தபோது முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் 42 சதவீதம் குறைந்திருந்தன. செல் அளவில் இதற்கு ஒரு விளக்கம் 2008இல் கிடைத்தது. பெருந்தமனி எண்டோதீலியச் செல்களை 16 மணி நேரம் மட்டும் 30 மில்லிமோல் குளுக்கோஸில் வைத்துவிட்டு 5.5க்குத் திருப்பினார்கள். ஆறு நாள் கழித்தும் என்எஃப்-கப்பாபியின் பி65 மரபணுவின் மேல் ஹிஸ்டோன் குறி அப்படியே இருந்தது, மரபணு கூடுதலாக இயங்கிக்கொண்டிருந்தது. சேட்7 என்ற நொதி இட்ட குறி அது.

எதிர்த்திசையில் அக்கார்ட் ஆய்வு இருக்கிறது. இரண்டாம் வகை நோய் உள்ள 10,251 பேரில், எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் 257 பேரும், 7 முதல் 7.9 வரை போதும் என்று விட்ட பிரிவில் 203 பேரும் இறந்ததால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். இவர்கள் சராசரியாக 60 வயதைக் கடந்தவர்கள், பலருக்கு இதயநோய் ஏற்கெனவே இருந்தது. திட்டுகள் படிந்து சுழல் தானே ஓடத் தொடங்கிய குழாயில் வெளிச் சர்க்கரையை மட்டும் இறக்கினால் கிடைக்கும் பலன் குறைவு. தாழ்சர்க்கரையின் ஆபத்தோ முழுதாக உண்டு.

அழற்சியை நேரடியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017இன் கேன்டோஸ் ஆய்வு விடை சொன்னது. மாரடைப்பு வந்து மீண்ட 10,061 பேரில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கேனகினுமாப் 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த பிரிவில், அடுத்த மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கொழுப்பு குறையவில்லை. தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்களின் வெற்றியை எண்டோதீலியத்தின் கணக்கில் எழுதிவிடும் அவசரமும் இப்போது தெரிகிறது. 2015இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், 7,020 பேரிடையே இதயநோய் மரணம் 38 சதவீதம் குறைந்தது. ஆனால் மருந்து பெற்ற பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் இடையே எச்பிஏ1சி வேறுபாடு சிறியது. பலன் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. தமனித் திட்டு அவ்வளவு சீக்கிரம் கரையாது. இதயத்தின் சுமை குறைந்தது, உப்பும் நீரும் வெளியேறியது, சிறுநீரகம் ஓய்வெடுத்தது ஆகியவை இந்த வேகத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன.